நாலு தழும்பு

புயலுக்கு யாரோ பெயர் வைத்திருந்தார்கள்,
மறந்துவிட்டது.
அது கரையேறிய மறுநாள்
வெள்ளக்கரையில் மின்கம்பத்திலிருந்து விழுந்தவரைப்
பலகையில் கிடத்திக் கொண்டுவந்தார்கள்.
பெயர் கேட்டேன்.
'கான்ட்ராக்ட்' என்றார் மேஸ்திரி.
பலகையிலிருந்துதான் பதில் வந்தது:
தேசிங்கு.

நான் எக்ஸ்ரே எடுப்பவள்.
மஞ்சக்குப்பத்தில், இந்த அறுவை அரங்கில்,
ஈய அங்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு
பதினோரு வருடமாக நிற்கிறேன்.
என் முதுகுக்கும் ஒரு கதை இருக்கிறது.
இன்றைக்கு வேண்டாம்.

முன்பெல்லாம் முதுகை நெடுக்கத் திறப்பார்கள்,
பலாவைப் பிளக்கிற மாதிரி.
பண்ருட்டிப் பக்கத்து ஆட்களிடம்
அப்படித்தான் சொல்லுவேன், உடனே புரியும்.
இப்போது துளை மட்டும்.
ஆனால் துளைக்குக் கண் கிடையாது.
அதற்குத்தான் நான்.

"ஷாட்" என்பார் டாக்டர் ஹபீபுல்லா.
மிதிப்பேன்.
திரையில் சாம்பல் நிறத்தில் எலும்புகள் எழும்பும்.
நேரே பார்த்தால் ஒவ்வொன்றும் ஓர் ஆந்தை முகம்,
இரண்டு கண்.
அந்தக் கண்ணுக்குள்தான் கம்பி இறங்க வேண்டும்.
ஓர் இழை உள்ளே சாய்ந்தால் நரம்பு.
நரம்பு போனால்
கம்பம் ஏறிய கால்.

"ஷாட்."
"இன்னும் ஒண்ணு."
"கொஞ்சம் சாய்ச்சு."
யாரும் மூச்சு விடவில்லை,
மயக்க மருந்து இயந்திரத்தைத் தவிர.

உடைந்ததை அவர் தொடவேயில்லை.
அதற்கு மேலே ஒன்று, கீழே ஒன்று,
நல்ல எலும்பு இரண்டிலும் திருகு இறக்கி
தோலுக்கு அடியிலேயே தண்டுகளை நுழைத்துப்
பூட்டிவிட்டார்.
நடுவில் இருப்பது பாரமில்லாமல்
தானே ஆறட்டும் என்று.
சாவு விழுந்த வீட்டுக்குப்
பக்கத்து வீடு இரண்டும் சோறு அனுப்புமே,
அது போல.

மூன்றாம் நாள் நடந்தார்.
பிளாஸ்திரியை மாற்றும்போது
அஞ்சலாட்சி எட்டிப் பார்த்தார்.
நாலு வெட்டு, ஒவ்வொன்றும் விரல் நகம் அளவு.
'இவ்ளோதானா?' என்றார்.
சந்தோஷப்படுவதா என்று அவருக்கே தெரியவில்லை.
'தாலிக்கொடி முச்சூடும் வச்சிட்டேன் மேடம்.
பெருசா கிழிச்சிருப்பாங்கன்னு பார்த்தேன்.'

இரண்டு மாதம் கழித்து
கோட்ட அலுவலகத்தில்
சட்டையைத் தூக்கச் சொன்னார்களாம்.
மேசையில் இருந்தவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தாராம்,
பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டாராம்.
'இதுக்கா நஷ்ட ஈடு?
அம்மை போட்ட தழும்பு இதைவிடப் பெருசா இருக்கும்.'

காயம் சிறிதாக இருக்க வேண்டும் என்றுதானே
அத்தனை பாடுபட்டோம்.
தொண்ணூற்றியிரண்டு மிதி.
பதிவேட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது.
ஒரு காயத்தை இவ்வளவு சிறிதாக்கினால்
அது விழுந்த உயரமும்
கூடவே சிறிதாகிவிடும் என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.

'பெருசா தெரியற மாதிரி ஒரு படம் குடுங்க மேடம்.'

இருப்பதிலேயே அகலமான பிலிமில் அடித்துக் கொடுத்தேன்.
ஜன்னலுக்கு நேரே பிடித்தார்.
கெடிலத்துப் பக்கத்து வெயில்
அவர் முதுகெலும்பு வழியாக வந்து
அவர் முகத்தில் விழுந்தது.
இரண்டு தண்டு, நாலு திருகு, பளீர் வெள்ளை.
நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:
'கம்பமும் குறுக்குக் கையும் மாதிரியே இருக்கு.
எர்த் குடுத்திருக்காங்களா?'

சிரித்தோம்.
அவர் மட்டும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மாடியிலிருந்து பார்த்தேன்.
மனுவோடு படத்தையும் பிடித்துக்கொண்டு
டவுன் பஸ்ஸில் ஏறினார்.
யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள்.
வேண்டாம் என்று தலையசைத்தார்.
உட்கார்ந்தால்
மடங்கிவிடுமே,
படம்.